பிரிண்ட் கொடுத்தால் தாள் வர ஏன் இவ்வளவு நேரம்? விண்டோஸ் பிரிண்ட் சர்வர் தாமதத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

பிரிண்டர் ஒரேயடியாக நின்றுவிட்டால் வேலை சுலபம். எங்கே அறுந்தது என்று தேடிப் போய்ப் பிடித்துவிடலாம். பிரிண்ட் வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது என்பதுதான் ஐடி ஆட்களைப் படுத்தும் புகார். "சார், பிரிண்டர் ஸ்லோ" என்று எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஒருவருக்கு வேர்டில் பிரிண்ட் பெட்டி திறக்கவே நேரமாகும். இன்னொருவருக்கு க்யூவில் (பிரிண்ட் வரிசையில்) வேலை, அதாவது பிரிண்ட் கொடுத்த ஆவணம், அப்படியே உட்கார்ந்திருக்கும். மூன்றாமவருக்குக் காலையில் முதல் தாள் மட்டும் தாமதம். இந்த மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

வழக்கமாக நடப்பது என்ன? யாராவது பிரிண்ட் சர்வரில் (அலுவலகப் பிரிண்டர்களை எல்லாருக்கும் ஷேர் செய்யும் கணினியில்) ஸ்பூலர் சர்வீஸை, அதாவது வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் மென்பொருளை, ரீஸ்டார்ட் செய்வார்கள், அன்றைக்குச் சரியாகும், இரண்டு நாளில் திரும்ப வரும். ரீஸ்டார்ட் செய்வது தப்பில்லை. ஆனால் அதை முதலில் செய்தால் எங்கே நேரம் போனது என்பதற்கான தடயமும் சேர்ந்தே போய்விடும். அதனால் கையை வைப்பதற்கு முன் அளந்து பார்ப்போம்.

இங்கே சொல்வது விண்டோஸ் சர்வர் 2016, 2019, 2022 போன்றவற்றில் பிரிண்டர்களை ஷேர் செய்து, விண்டோஸ் 10 அல்லது 11 கணினிகளிலிருந்து பிரிண்ட் எடுக்கும் அலுவலகங்களுக்கு. மெனுப் பெயர்களைத் திரையில் இருக்கும் ஆங்கில உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

முதலில், வேலை எந்த வழியாகப் போகிறது?

பிரிண்ட் பட்டனை அழுத்தியதும் அந்தக் கணினியில் உள்ள டிரைவர் (அந்தப் பிரிண்டருக்கான மென்பொருள்), ஆவணத்தைப் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றுகிறது. விஸ்டா காலத்திலிருந்து இந்த மாற்றும் வேலை பெரும்பாலும் பயனரின் கணினியிலேயே நடக்கிறது. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸின் ஷேரிங் டேபில் 'ரெண்டர் பிரிண்ட் ஜாப்ஸ் ஆன் கிளையண்ட் கம்ப்யூட்டர்ஸ்' என்ற டிக் இருந்தால் அப்படித்தான் என்று அர்த்தம். மாற்றிய தரவு சர்வருக்குப் போகிறது. சர்வர் அதைத் தன் ஸ்பூல் ஃபோல்டரில் கோப்பாக எழுதி வைத்து, முறை வந்ததும் போர்ட் (பிரிண்டரை எப்படி எட்டுவது என்று விண்டோஸில் பதிந்திருக்கும் வழி) மூலமாகப் பிரிண்டருக்கு அனுப்புகிறது. பிரிண்டர் அதைப் புள்ளிகளாக விரித்து, சூடேறி, தாளை இழுக்கிறது.

ஆக, பயனரிடமிருந்து சர்வர், சர்வருக்குள், சர்வரிலிருந்து பிரிண்டர், பிரிண்டருக்குள் என்று நான்கு கட்டங்கள். நம் வேலை, நேரம் எந்தக் கட்டத்தில் தின்னப்படுகிறது என்று கண்டுபிடிப்பது. அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: அளந்து பாருங்கள்

சர்வரில் பிரிண்ட் மேனேஜ்மென்ட் திறந்து, புகாருக்குரிய பிரிண்டரின் க்யூவைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். பயனரின் இடத்தில் ஒருவரை உட்கார வைத்துப் போனில் பேசிக்கொண்டே செய்வது வசதி. நோட்பேடில் ஒரு வரி அடித்துப் பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். பட்டன் அழுத்திய நேரம், சர்வர் க்யூவில் வேலை தோன்றிய நேரம், க்யூவிலிருந்து மறைந்த நேரம், தாள் வெளியே வந்த நேரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். மொபைல் ஸ்டாப்வாட்ச் போதும்.

அடுத்து அதே ஒரு வரியைச் சர்வரிலிருந்தே நேராகப் பிரிண்ட் கொடுங்கள். அப்புறம் ஒரு பயனர் கணினியில் அதே பிரிண்டரை அதே டிரைவருடன், சர்வரைத் தொடாமல், ஐபி முகவரி கொடுத்துத் தற்காலிகமாகச் சேர்த்து அதிலும் பாருங்கள். சோதனை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும். ஏன் என்று படி 2-இல் வரும்.

சர்வரிலிருந்து கொடுத்தாலும் தாமதம், ஐபி வழியாகவும் தாமதம் என்றால் பிரிண்டரையோ அதன் கேபிள், ஸ்விட்ச் பக்கத்தையோ பாருங்கள். ஐபி வழியாக வேகம், சர்வரிலிருந்து தாமதம் என்றால் முதலில் சர்வரின் போர்ட் அமைப்பையும் (படி 2), பிறகு சர்வருக்குள்ளும் (படி 5) பாருங்கள். சர்வரிலிருந்து வேகம், பயனரிடமிருந்து மட்டும் தாமதம் என்றால் படி 3-க்குப் போங்கள். நோட்பேடு எல்லா இடத்திலும் வேகமாக வருகிறது, அந்த ஒரு பிடிஎஃப் மட்டும்தான் இழுக்கிறது என்றால் நெட்வொர்க்கைக் குடைய வேண்டாம், படி 4.

இதோடு பதிவேட்டையும் இப்போதே திறந்து வையுங்கள். ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பிரிண்ட்சர்வீஸ் என்று போனால் 'ஆபரேஷனல்' என்று ஒரு லாக் இருக்கும். இது இயல்பில் அணைந்தே கிடக்கும். ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள், அதன் அளவையும் சற்றுக் கூட்டிவிடுங்கள். பிரிண்ட் ஆகி முடிந்த ஒவ்வொரு வேலையும் 307 என்ற எண்ணில் பதிவாகும். யார் கொடுத்தது, எந்தப் பிரிண்டர், எத்தனை பக்கம், எத்தனை பைட் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கடைசி எண்தான் தங்கம். இரண்டே பக்க ஆவணம் 180 எம்பி என்று காட்டினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. ஆவணத்தின் பெயர் வராமல் 'பிரிண்ட் டாக்குமென்ட்' என்று மட்டும் வந்தால், குரூப் பாலிசியில் (அலுவலகக் கணினிகளுக்கு மொத்தமாக அமைப்புகளை விதிக்கும் இடத்தில்) பிரிண்டர்ஸ் பகுதியில் உள்ள 'அலௌ ஜாப் நேம் இன் ஈவென்ட் லாக்ஸ்' என்பதை இயக்க வேண்டும்.

படி 2: சர்வருக்கும் பிரிண்டருக்கும் நடுவில்

நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் டேபைப் பாருங்கள். போர்ட்டின் பெயர் 'டபிள்யூஎஸ்டி' என்று ஆரம்பித்தால், விண்டோஸ் தானாகப் பிரிண்டரைக் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறது. வீட்டுக்கு அது வசதி. சர்வருக்கு ஆகாது. பிரிண்டர் எங்கே இருக்கிறது என்பதை நெட்வொர்க்கில் கூவி விசாரித்துத் தெரிந்துகொள்ளும் முறை அது. பிரிண்டர் வேறு விலேனில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) இருந்தாலோ, தூங்கி எழுந்தாலோ, முகவரி மாறினாலோ பதில் வரத் தாமதமாகும், சில நேரம் ஆஃப்லைன் என்றே காட்டிவிடும். டிஎச்சிபியில் (நெட்வொர்க்கில் ஐபி முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் சேவையில்) பிரிண்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டு, 'ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்' ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, க்யூவை அதற்கு மாற்றுங்கள். ப்ரோட்டோகால் 'ரா', எண் 9100. பெரும்பாலான அலுவலகப் பிரிண்டர்களுக்கு இதுதான்.

யாராவது ராவுக்குப் பதில் 'எல்பிஆர்' என்ற பழைய ப்ரோட்டோகாலைத் தேர்ந்தெடுத்து, கூடவே 'எல்பிஆர் பைட் கவுண்டிங்' டிக்கும் போட்டிருந்தால், அனுப்பும் முன்பே சர்வர் முழு வேலையின் அளவையும் எண்ணி முடிக்க வேண்டியிருக்கும். பெரிய வேலைகள் தொடங்கவே நேரம் பிடிக்கும். குறிப்பிட்ட காரணம் ஏதும் இல்லையென்றால் ராவுக்கு மாற்றுங்கள்.

அதே 'கான்ஃபிகர் போர்ட்' பெட்டியின் அடியில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்று ஒரு டிக் இருக்கும். பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், படுத்துவதில் முதலிடம் இதற்குத்தான். விண்டோஸ் இதன் மூலம் பிரிண்டரிடம் "தாள் இருக்கிறதா, நலமா" என்று யுடிபி 161 வழியாக விசாரிக்கிறது. கடவுச்சொல் மாதிரி ஒரு 'கம்யூனிட்டி' பெயர் வேண்டும். இயல்பில் அது 'பப்ளிக்'. பாதுகாப்புக்காக யாரோ பிரிண்டரில் எஸ்என்எம்பியை அணைத்திருப்பார்கள், அல்லது அந்தப் பெயரை மாற்றியிருப்பார்கள், அல்லது ஃபயர்வால் தடுத்திருக்கும். பதில் வராமல் சர்வர் காத்திருக்கும், பிரிண்டர் நன்றாக இருக்கும்போதே ஆஃப்லைன் என்று முத்திரை குத்தும். சோதிப்பதற்காக டிக்கை எடுத்துப் பாருங்கள். உடனே வேகம் வந்தால் இதுதான் காரணம். பிறகு இரண்டு வழி: பிரிண்டரிலும் போர்ட்டிலும் ஒரே கம்யூனிட்டி பெயரைக் கொடுத்து டிக்கைத் திரும்பப் போடலாம், அல்லது எடுத்தபடியே விட்டுவிடலாம். எடுத்தால் தாள் தீர்ந்தது, கதவு திறந்திருக்கிறது போன்ற நிலவரம் சர்வருக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் அலுவலகத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை என்பது என் கருத்து. பிரிண்டர் பக்கத்திலேயேதான் இருக்கும், எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

விட்டு விட்டு வரும் தாமதம் என்றால் ஐபி மோதலைச் சந்தேகப்படுங்கள். பிரிண்டரின் பவரை அணைத்துவிட்டு அதன் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பிறகும் பதில் வந்தால் அந்த முகவரியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். விருந்தினர் ஒருவரின் லேப்டாப்பாக இருக்கலாம், புதிதாக மாட்டிய சிசிடிவி பெட்டியாக இருக்கலாம்.

படி 1-இல் ஐபி வழியாகச் சேர்த்த பிரிண்டரை நீக்கச் சொன்னேன் அல்லவா? பல பிரிண்டர்கள் 9100 எண்ணில் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பைத்தான் ஏற்கும். நான்கைந்து பேர் சர்வரைத் தாண்டி நேரடியாகச் சேர்த்து வைத்திருந்தால், அவர்களில் ஒருவரின் நூறு பக்க அறிக்கை ஓடும் நேரத்தில் சர்வர் வாசலில் நிற்கும். சர்வர் க்யூவில் ஒரே ஒரு வேலை இருக்கும், அது ஏன் நகரவில்லை என்று யாருக்கும் புரியாது. "சர்வர் ஸ்லோவா இருந்துச்சு, அதான் நேரா போட்டேன்" என்பார்கள். அப்படிப் போட்டதாலேயே மற்றவர்களுக்கு இன்னும் மெதுவாகும்.

காலை முதல் பிரிண்டோ, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் முதல் பிரிண்டோ மட்டும் தாமதம், அடுத்தது உடனே வருகிறது என்றால் தூக்கம்தான் விஷயம். பிரிண்டர் சூடேற எடுக்கும் நேரம் ஒரு பகுதி. அதற்கு மேல் அரை நிமிடம் மர்மமாகப் போனால் நெட்வொர்க் ஸ்விட்சைப் பாருங்கள். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும் பல பிரிண்டர்கள் நெட்வொர்க் இணைப்பின் வேகத்தைக் குறைக்கும், விழிக்கும்போது இணைப்பு ஒரு முறை அறுந்து திரும்ப வரும். ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க் கேபிள்கள் வளையமாகிவிடாமல் காக்கும் முறை) ஓடிக்கொண்டிருந்து, பிரிண்டர் கேபிள் செருகிய ஸ்விட்ச் போர்ட் சாதாரண நிலையில் இருந்தால், இது புதிதாக வந்த இணைப்பு என்று எடுத்துக்கொண்டு கேட்க 15 வினாடி, கற்க 15 வினாடி, ஆக 30 வினாடி எதையும் கடத்தாது. பிரிண்டர் மாட்டிய போர்ட்டை 'எட்ஜ்' போர்ட் என்று குறித்தால் தீர்ந்தது. சிஸ்கோ ஸ்விட்சில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். ஸ்விட்ச் உங்கள் கையில் இல்லையென்றால், வேலை நேரத்தில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாதபடி பிரிண்டரின் வெப் பக்கத்தில் நேரம் அமைத்துக்கொள்ளலாம்.

பிங் அருமையாக இருக்கிறது, சின்ன வேலை உடனே வருகிறது, பெரிய வேலை மட்டும் ஆமை வேகம் என்றால் டூப்ளெக்ஸ் பொருந்தாமையைச் சந்தேகப்படுங்கள். இது தாளின் இரு பக்கமும் அச்சடிப்பது அல்ல; கேபிளின் ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பியும் பெற்றும் (ஃபுல்), மறுமுனை மாறி மாறியும் (ஹாஃப்) பேசும் கோளாறு. ஸ்விட்ச் பக்கம் யாரோ '100 ஃபுல்' என்று கையால் பூட்டியிருப்பார்கள், பிரிண்டர் ஆட்டோவில் இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து பேச்சுவார்த்தை வராததால் பிரிண்டர் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிறகு மோதலும் மறு அனுப்பலும்தான். இரண்டு பக்கமும் ஆட்டோ வையுங்கள். அப்படியே கேபிளையும் ஒரு முறை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

படி 3: பயனர் கணினியிலிருந்து சர்வர் வரை

விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகுதான் தாமதம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 22எச்2 பதிப்பிலிருந்து, பிரிண்டர் தொடர்பான பேச்சுவார்த்தைக்கு விண்டோஸ் பழைய 'நேம்டு பைப்' (ஃபைல் ஷேரிங்கின் மேலேயே ஓடும்) வழியை விட்டுவிட்டு டிசிபி வழி ஆர்பிசியை (ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை சொல்லும் முறை) இயல்பாக்கியது. முன்பு ஃபைல் ஷேரிங் திறந்திருந்தாலே பிரிண்டும் போய்விடும். இப்போது டிசிபி 135-உம், 49152 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளும் சர்வரை எட்ட வேண்டும். நடுவில் ஃபயர்வால் இருந்து அவற்றைத் தடுத்தால் பிரிண்டர் சேர்க்கவே முடியாமல் போகலாம், அல்லது பெட்டி திறக்க வெகுநேரம் தொங்கலாம். ஃபயர்வாலில் வழி விடுவதே சரியான தீர்வு. அவ்வளவு பெரிய வரம்பைத் திறக்க ஃபயர்வால்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். நியாயம்தான். குரூப் பாலிசியில் 'கான்ஃபிகர் ஆர்பிசி ஓவர் டிசிபி போர்ட்' மூலம் ஒரே எண்ணில் நிறுத்தி, அதை மட்டும் திறக்கலாம். நேம்டு பைப்புக்கே திரும்பும் வழியும் 'கான்ஃபிகர் ஆர்பிசி கனெக்‌ஷன் செட்டிங்ஸ்' பாலிசியில் இருக்கிறது. அதைத் தற்காலிகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டும் எக்ஸெலும் திறக்கவே மெதுவாக இருக்கிறது என்ற புகாரும் சில நேரம் பிரிண்டர் புகார்தான். இந்த மென்பொருள்கள் பக்க அளவைக் கணக்கிட டிஃபால்ட் பிரிண்டரை விசாரிக்கும். அந்த டிஃபால்ட், எப்போதோ தூக்கிப் போட்ட பழைய சர்வரில் இருந்த பிரிண்டர் என்றால், இல்லாத ஆளுக்காகக் காத்திருக்கும். டிஃபால்ட்டை 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்'புக்கு மாற்றிப் பாருங்கள். உடனே திறந்தால் பழைய பிரிண்டர்களை ஒவ்வொன்றாகக் களையெடுங்கள். 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள்.

குரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸ் வழியாகப் பிரிண்டர் கொடுப்பவர்கள், ஆக்‌ஷன் 'ரீப்ளேஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். ரீப்ளேஸ் என்றால் ஒவ்வொரு முறையும் பிரிண்டரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்க்கும். லாகின் இழுக்கும், பயனர் மாற்றி வைத்த அமைப்புகளும் போகும். 'அப்டேட்' போதும்.

டிரைவர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் எனப்படும் ஸ்பூலர் ஓட்டை வெளியான பிறகு, அதே ஆண்டு ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து அட்மின் அல்லாதவர்கள் சர்வரிலிருந்து டிரைவரை இறக்கி நிறுவ முடியாது. சர்வரில் டிரைவரைப் புதுப்பித்துவிட்டுக் கணினிகளில் பழையதை விட்டால் அட்மின் கடவுச்சொல் கேட்டு நிற்கும். அந்தக் கட்டுப்பாட்டை ரெஜிஸ்ட்ரியில் தளர்த்தச் சொல்லும் ஆலோசனைகள் நிறையக் கிடைக்கும். கேட்காதீர்கள். டிரைவரை முன்கூட்டியே எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிட்டு, பிறகு சர்வரில் மாற்றுங்கள்.

கிளை அலுவலகம் விபிஎன் வழியாகத் தலைமை அலுவலகச் சர்வரில் பிரிண்ட் கொடுக்கிறது, பிரிண்டரோ கிளையிலேயே இருக்கிறது என்றால், ஒரே தரவு இணைய வழியில் போய்த் திரும்பவும் வருகிறது. பிரிண்ட் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பிரிண்டரை ரைட் கிளிக் செய்து 'எனேபிள் பிராஞ்ச் ஆஃபிஸ் டைரக்ட் பிரிண்டிங்' கொடுங்கள். தரவு நேராகப் பிரிண்டருக்கே போகும். சர்வர் 2012 முதல் இருக்கும் இந்த வசதியைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

படி 4: ஆவணமும் டிரைவரும்

ஒரு சின்னக் கணக்கு. ஏ4 தாள், அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் அகலத்தில் 4,960, நீளத்தில் 7,016, மொத்தம் சுமார் 3.48 கோடிப் புள்ளிகள். கறுப்பு வெள்ளையில் புள்ளிக்கு ஒரு பிட், பக்கத்துக்கு 4 எம்பி சொச்சம். முழு வண்ணத்தில் புள்ளிக்கு 24 பிட், பக்கத்துக்குச் சுமார் 100 எம்பி. சுருக்காமல் அனுப்பினால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு வினாடிக்கு அதிகபட்சம் 12 எம்பிதான் போகும் என்பதால், ஒரு பக்கத்துக்கே எட்டு வினாடிக்கு மேல். டிரைவர்கள் சுருக்கித்தான் அனுப்பும், ஆனால் எழுத்தை எழுத்தாக அனுப்புவதற்கும் பக்கத்தையே படமாக அனுப்புவதற்கும் உள்ள தூரம் இதில் தெரியும்.

அதனால் 307 பதிவில் அளவு பெரிதாக இருந்தால், பிடிஎஃப் ரீடரின் அட்வான்ஸ்டு பெட்டியில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் இருக்கிறதா பாருங்கள். எப்போதோ ஒரு கோப்பு கோணல்மாணலாக வந்தது என்று போட்ட டிக் அப்படியே தங்கியிருக்கும். அப்புறம் டிரைவரை மாற்றிப் பாருங்கள். பிசிஎல் 6, போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டும் டிரைவர் பிரிண்டரிடம் பேசும் மொழிகள். கடிதம், பில், எக்ஸெல் போன்றவற்றுக்குப் பிசிஎல் 6 நன்றாக ஓடும், வடிவமைப்புக் கோப்புகளுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட். ஒரே பிரிண்டருக்கு இரண்டு க்யூ வைத்து, ஒன்றில் இதையும் மற்றதில் அதையும் போட்டால் சண்டையே இல்லை. தமிழ் ஆவணங்கள் மட்டும் மெதுவாக வந்தால், பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு இருக்காது, டிரைவர்தான் அதைக் கூடவே அனுப்ப வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். டிரைவரில் ட்ரூடைப் எழுத்துகளைப் 'பிட்மேப்'பாக அனுப்பு என்று இருந்தால் 'அவுட்லைன்' என்று மாற்றினால் வேலையின் அளவு குறையும்.

பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸின் அட்வான்ஸ்டு டேபில் 'ஸ்டார்ட் பிரிண்டிங் இமீடியட்லி' தேர்ந்திருந்தால் முதல் பக்கம் சீக்கிரம் வரும். ஆனால் கணக்கு மென்பொருள் பக்கம் பக்கமாக மெல்லத் தரும் அறிக்கை, பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் காக்க வைக்கும். அப்படிப்பட்ட க்யூவுக்கு 'ஆஃப்டர் லாஸ்ட் பேஜ் இஸ் ஸ்பூல்டு' நல்லது.

படி 5: சர்வருக்குள்

இது சீக்கிரம் முடியும். சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். ஸ்பூல் ஃபோல்டர் இயல்பில் சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று இருக்கும். அங்கே பழைய கோப்புகள் குவிந்திருந்தால், ஏதாவது பிரிண்டரின் அட்வான்ஸ்டு டேபில் 'கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்' டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். சிக்கிய வேலைகளைத் துடைக்க ஸ்பூலரை நிறுத்தி, அந்த ஃபோல்டரில் உள்ள கோப்புகளை மட்டும் நீக்கி, திரும்ப இயக்கலாம். எல்லாருடைய வேலையும் போய்விடும் என்பதால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிரிண்ட் அதிகமுள்ள இடத்தில் ஸ்பூல் ஃபோல்டரைப் 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' வழியாக வேறு டிஸ்க்குக்கு மாற்றுவதும், ஆன்டிவைரஸ் அதை ஒவ்வொரு முறையும் துழாவுகிறதா என்று பார்ப்பதும் பலன் தரும்.

ஸ்பூலர் அடிக்கடி விழுகிறது என்றால் சந்தேகத்துக்குரிய டிரைவரைப் பிரிண்ட் மேனேஜ்மென்ட்டில் 'ஐசொலேட்டட்' (தனியாக ஓடும்படி) ஆக்குங்கள். அது விழுந்தாலும் மற்ற க்யூக்கள் ஓடும். சின்ன அலுவலகங்களில் டொமைன் கன்ட்ரோலரே (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வரே) பிரிண்ட் சர்வராகவும் இருப்பதுண்டு. டொமைன் கன்ட்ரோலரில் ஸ்பூலரை அணைத்து வைக்கச் சொல்வது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. காரணம் வேகமல்ல, பாதுகாப்பு. வாய்ப்புக் கிடைக்கும்போது பிரித்துவிடுங்கள்.

படி 6: பிரிண்டரேதானா?

மேலே சொன்னவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அந்த நான்கு நேரங்களையும் குறித்துக்கொண்டு வாருங்கள். சர்வர் க்யூவிலிருந்து வேலை உடனே மறைந்து, பிறகும் தாள் வரக் காத்திருக்க வேண்டியிருந்தால், நெட்வொர்க் தன் வேலையை முடித்துவிட்டது. பிரிண்டரின் கையேட்டில் 'ஃபர்ஸ்ட் பேஜ் அவுட்' என்று ஒரு நேரம் போட்டிருக்கும், தயார் நிலைக்கு ஒன்று, தூக்கத்திலிருந்து ஒன்று. நீங்கள் அளந்தது அதை ஒட்டியே இருந்தால் சர்வரில் இனிமேல் பிழிவதற்கு ஒன்றுமில்லை. அதைவிட வெகுவாகக் கூடினால் ஃபர்ம்வேரை (பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்துப் பாருங்கள், கனமான பக்கங்களில் மட்டும் திணறினால் மெமரி கூட்டும் வசதி அந்த மாடலில் உண்டா என்று பாருங்கள். தடித்த தாள் என்ற அமைப்பில் சாதாரணத் தாளை ஓட்டினால் பல பிரிண்டர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் முன் ட்ரேயில் எந்தத் தாள் வகை குறித்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.